அப்பாவின் காலுக்கு ஒத்தடம்

திருப்பூர்

கவிப்பிரியாக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் இரண்டு பேரும் சுகம், மனசைப் பற்றி நீயும் கேட்காதே, நானும் கேட்கவில்லை. அந்தக் கனடாக் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாரியாத்தா துணையிருக்கட்டும்.

ஜிம்முக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து தொடையெல்லாம் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று போனில் சொன்னாயே, அப்போதே ஒன்று சொல்ல வாயெடுத்தேன், அப்பா பக்கத்தில் இருந்ததால் முழுங்கிக்கொண்டேன். நம் தம்பி இளங்கோவை லாரி அடித்துப்போட்ட நாளிலிருந்து உன் அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, உனக்கே தெரியும். காரியம் முடிந்ததும் பனியன் கம்பெனிக்குப் போய்க் கட்டிங் டேபிள் முன்னால் நின்றுவிட்டார், வீட்டில் சோறு வேண்டும் வேண்டாம் என்பதோடு பேச்சு சரி. போன வாரம் திடீரென்று, தம்பி போலீஸ் வேலைக்காக ஓடிப் பழகிய பள்ளிக்கூட கிரவுண்டுக்குப் போய் இவரும் ஓடியிருக்கிறார். தம்பியோடு ஓடுவானே முனீஸ், அவன்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டான். "நில்லுங்கப்பான்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேம்மா, கேக்கவே இல்ல" என்று கண்கலங்கினான்.

மறுநாள் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து கட்டிலில் விழுந்தவரிடம், "ஏனுங்க, ஒத்தடம் வெக்கறனுங்க" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. வெந்நீர் வைத்து, பனியன் துணியை முக்கிப் பிழிந்து, என் மணிக்கட்டில் சூடு பார்த்து, கெண்டைக்காலில் போட்டேன். ஆற ஆற மாற்றினேன். கல்லாக இருந்த சதை மெல்ல இளகியது. அப்போதுதான் வாய் திறந்தார். "இந்த வலியோடதான் பையன் நெதமும் ஊட்டுக்கு வந்திருக்கான். சோறு போட்டாத் தின்னுபோட்டுப் படுத்துக்குவான். வலிக்குதுன்னு ஒரு நாளாச்சும் சொன்னானா சித்ரா" என்றார். அதற்குமேல் முடியவில்லை கண்ணு, உடம்பெல்லாம் குலுங்க அழுதார், பக்கத்து வீட்டார் ஓடி வந்து பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார்கள். நானும் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போதும் கிரவுண்டுக்குப் போகிறார், ஓடுவதில்லை, நடைதான், நானும் கூடவே போகிறேன். பாதியில் உட்கார்ந்துவிடுவார், நானும் உட்கார்ந்துகொள்வேன்.

நீ பார்த்துச் செய். வீக்கமோ சுளுக்கோ இருந்தால் சூடு வைக்காதே, ஐஸ்தான். வெறும் சதைவலி என்றால் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வை, நேராகத் தோலில் படவேண்டாம், வைத்தபடியே தூங்கிப்போய்விடாதே. இதைச் செய்துவிட அங்கே உனக்கு ஓர் ஆள் இல்லையே என்பதுதான் என் கவலை.

நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும் சாமி. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. அப்பா அழுததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது இளங்கோ பேரைச் சொல்லிப் பேசு. அவன் பேர் வாயில் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து, நாம் மூன்று பேரும் எத்தனை நாள்தான் மழையையும் சமையலையும் பேசிக்கொண்டிருப்பது.

உன் அம்மா
சித்ரகலா