மகாராணியின் ஊதாக் கொண்டை

மார்ச் 3

இன்று பேப்பரை நானே படித்தேன். தலைப்பை மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் பொடி எழுத்தையும். விரலை வைத்து வரி வரியாக. டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. முதியோர் வகுப்பு டீச்சர் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்.

ஆனால் படித்த செய்தி நல்லதாக இல்லை. கோழிகளுக்கு ஒரு காய்ச்சல் பரவுகிறதாம். கொண்டையும் தாடியும் ஊதாவாகுமாம், பிறகு செத்து விழுமாம். ஒன்றுக்கு வந்தாலும் ஆட்கள் வந்து கூண்டில் இருக்கிற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

என் வீட்டுக்காரி, இவளுக்குப் படித்துக் காட்டினேன். "உங்களுக்குப் படிக்கத் தெரியாத வரைக்கும் வீட்ல நிம்மதி இருந்துச்சு" என்றாள்.

மார்ச் 4

எங்கள் வீட்டுக் கோழிகளைப் பார்த்தேன். எல்லாம் நல்ல சிவப்பு.

மார்ச் 7

மகாராணி என்று இவள் பெயர் வைத்த கோழியின் கொண்டை நுனியில் நிறம் மாறியிருக்கிறது.

நான் ஆயுள் முழுக்கச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன். டப்பாவில் இருக்கும் பெயரைப் படிக்கத் தெரியாது. மூடியில் ஒழுகிக் காய்ந்ததைப் பார்த்துத்தான் எடுப்பேன். என் கண்ணுக்கு இது சிவப்பு இல்லை. சிவப்பில் யாரோ ஒரு சொட்டு நீலத்தை விட்டுக் கலக்கியது போல இருக்கிறது.

ஊதா. இந்தச் சொல்லை இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். என்ன அழகான எழுத்து இந்த ஊ! அதற்கே ஒரு கொண்டை இருக்கிறது. இன்னொரு முறை எழுதிப் பார்த்தேன். ஊ.

சே. சந்தோஷப்படுகிற நேரமா இது?

இவளிடம் சொல்லவில்லை. கோழிகள் அவளுடையவை. மகள் கல்யாணமாகிப் போன பிறகு இவள் மனம் விட்டுப் பேசுவது அவற்றோடுதான். எனக்குக் கிடைப்பது திட்டு.

மார்ச் 8

அலகும் மாறிவிட்டது. வெளுத்துக் கிடந்த அலகில் அடியிலிருந்து மஞ்சள் ஏறுகிறது. முட்டையும் இடவில்லை. மகாராணியைப் பிடித்து, பின்பக்கம் பிரஷ், டப்பா போட்டு வைக்கிற மரப்பெட்டியில் தனியாக அடைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"இவளை எதுக்கு ஜெயில்ல போட்டீங்க?"

"காய்ச்சல் வந்திருக்கோன்னு பயமா இருக்கு."

"உங்களுக்குத்தான் வந்திருக்கு. பேப்பர் காய்ச்சல்."

கோழியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்படியில் ஏறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். கோழி கனக்கிறதாம்.

மார்ச் 10

மகாராணி திரும்பவும் பெட்டியில். இவள் என்னோடு பேசுவதில்லை.

சொன்னால் ஆட்கள் வருவார்கள். சொல்லாவிட்டால்? பக்கத்து வீட்டுக்காரரும் கோழி வைத்திருக்கிறார். அவர் பேத்தி வேலி வழியாகக் கையை விட்டு நம் கோழிகளுக்குத் தீனி போடும். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? ஐயோ.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணத்தான் வேண்டும்.

மார்ச் 11

கால்நடை டாக்டர் வீட்டுக்கே வந்தார். சின்னப் பெண். முகத்தை மூடி, கையுறை மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து இவள் கூண்டுக் கதவை மறித்து நின்றாள். "எங்க வீட்டுக் கோழியைத் தொடணும்னா முதல்ல என்னைப் பிடிச்சிட்டுப் போங்க." அந்தப் பெண் கோபப்படவில்லை. "யாரையும் பிடிக்க வரலைம்மா. பார்க்கத்தான் வந்தேன்" என்றார்.

கோழியின் தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துக்கொண்டார். மார்பில் காது வைக்கும் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு மகாராணியை முற்றத்தில் விரட்டச் சொன்னார். நாலு எட்டு ஓடியதும் கொண்டை கறுத்துவிட்டது.

"பார்த்தீங்களா பெரியவரே? எதுக்கும் டெஸ்டுக்கு அனுப்புறேன். ஆனா எனக்கு இது காய்ச்சலாத் தெரியலை. இதயம் பலவீனமா இருக்கு. ரத்தத்துக்குக் காத்து பத்தலைன்னா சிவப்பு இப்படித்தான் மாறும். ஓடினா, ஏறினா இன்னும் அதிகமாகும்."

அலகைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். முட்டை இடுகிற காலத்தில் மஞ்சள் எல்லாம் கருவுக்குப் போய்விடுமாம், அதனால் அலகு வெளுக்குமாம். இடுவதை நிறுத்தினால் மஞ்சள் திரும்புமாம்.

அடேயப்பா! நானும் எத்தனையோ டப்பா கலக்கியிருக்கிறேன். மகாராணி அலகை வெளுக்க விட்டுக் கருவுக்கு மஞ்சள் கலக்கியிருக்கிறாள்.

மார்ச் 14

போன் வந்தது. காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லை. சும்மாதான் இரண்டு தடவை எழுதினேன்.

மார்ச் 15

இவள் துணி வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள். என் சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது.

உதடு.

அந்த நிறத்தைத்தான் ஒரு வாரமாக நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோழியைப் பார்க்கத் தெரிஞ்சுது. இவளைப் பார்க்கத் தெரியலையே எனக்கு. எத்தனை நாளா இப்படி இருக்கோ. எழுத்து கோணிக்கிட்டுப் போகுது.

மார்ச் 16

"என்ன, இந்த வயசுல என் உதட்டையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எல்லோருக்கும் அப்படித்தான் என்றாள். டாக்டரிடம் போகலாம் என்றேன். "கோழி டாக்டர் சொன்னதைக் கேட்டு மனுஷ டாக்டர்கிட்ட போவாங்களா? ஊரே சிரிக்கும்."

சிரித்தால் சிரிக்கட்டுமே.

மார்ச் 17

வரமாட்டேன் என்கிறாள். மகளுக்குப் போன் பண்ணினால் அடுப்பைப் பற்ற வைக்க மாட்டாளாம். படியேறும்போதெல்லாம் நானும் பின்னால் போகிறேன். "வால் மாதிரி வராதீங்க."

மார்ச் 18

இன்று ஒன்று செய்தேன். மகாராணியை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். முகம் பார்க்கும் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றினேன். அடுப்படிக்குப் போய் இவள் முன்னால் நீட்டினேன். கண்ணாடிக்குள் இவள் முகமும் கோழி முகமும் பக்கத்தில் பக்கத்தில்.

"கோழிக்கும் எனக்கும் ஜோடிப் பொருத்தம் பாக்குறீங்களா?" என்று சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. மகாராணி மிரண்டு கொக்கரிக்க, இவள் இன்னும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க மூச்சு முட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடியை நான் கீழே இறக்கவில்லை. உதடு ஊதாவாவதை இவளே பார்த்தாள். அப்புறம் கோழியின் கொண்டையைப் பார்த்தாள்.

பிறகு அடுப்பை அணைத்தாள். "புடவை மாத்திக்கிட்டு வரேன்."

மார்ச் 19

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். மகள் வந்துவிட்டாள். இதயத்தில் ஒரு கதவு சரியாகத் திறப்பதில்லையாம். தொடை வழியாக ஒரு குழாயை விட்டு விரித்துவிடுவார்களாம். எத்தனை வீட்டில் பெயிண்ட் ஒட்டிக்கொண்ட கதவைத் தட்டித் திறந்திருக்கிறேன்! இதில் நான் செய்ய ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கைநாட்டு வைக்கவில்லை. என் பெயரை எழுதினேன். எழுதும்போது ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கமாக இருந்தது.

மார்ச் 23

நாளைக்குத்தான்.

மார்ச் 24

கதவு திறந்துவிட்டது.

மார்ச் 26

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் கோழிகளுக்குத் தீனி போட்டு வந்தார். ஓடக்கூடாது என்று தனியாக விட்டிருந்த மகாராணி பெட்டிக்குள் செத்துக் கிடந்தாள். அலகு நல்ல மஞ்சள். வேலியோரம் புதைத்தேன்.

மார்ச் 28

"மகாராணி எப்படி இருக்கா?" என்று படுக்கையிலிருந்தே கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். தெரிஞ்சா தாங்குவாளா? இப்போதான் குழாய் விட்ட இடம் ஆறுது. மகளிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2

வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கூண்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். ஏதேதோ பேசினேன். வெயில் என்றேன், தீனி விலை என்றேன்.

இவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க புதைச்சீங்க?"

"யாரு சொன்னா?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நல்லா இருக்கான்னு சொன்னீங்களே, அப்பவே தெரியும். மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுத்துப் போச்சு. உங்களுக்கு மட்டும்தான் நிறம் பார்க்கத் தெரியுமா?"

வேலியோரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கொஞ்சம் தானியத்தை அந்த மண்மேல் தூவினாள். மற்ற கோழிகள் ஓடிவந்து கொத்தின. விரட்டவில்லை.

பின்படியில் ஏறினாள். பாதியில் நிற்கவில்லை. மேலே போய்த்தான் நின்றாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்வதற்காக.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒவ்வோர் எழுத்தாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உதட்டைக் குவித்துக் காட்டுகிறாள்.

"எழுதிக்கோங்க. என்ன நிறம்?"

சிவப்பு. கொஞ்சம் வெளிறிய சிவப்பு. உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன்.