நிதானத்துக்கு மார்க்

நிலவு நிலையம். பதிவு: செல்லக்கிளி, கணினிப் பொறியாளர்

வெள்ளி, 10:00
வாராந்திர ஒத்திகை. முதன்மைக் கணினியை நானே அணைக்க வேண்டும். உடனே, நான் ஒருத்தி மட்டும் இருக்கும் இந்தச் சிறு நிலையத்துக்கு மூச்சுக்காற்று தரும் வால்வு மூடிக்கொள்ளும். மாற்றுக் கணினி தானாக எழுந்து அதைத் திறக்க வேண்டும். கெட்டது வருமுன்பே அதை மனதில் வாழ்ந்து பார் என்பது பழைய கிரேக்கர்களின் ஸ்டோயிக் தத்துவம். நல்ல மென்பொருளும் அப்படித்தான், எந்தப் பாகமும் சாகும் என்று நம்பியே எழுதப்படுகிறது. அதோடு எனக்குச் சண்டையில்லை. சண்டையெல்லாம் பூமியில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி அருணகிரியோடுதான். நான் கையால் வால்வைத் திறந்து ஏமாற்றிவிடுவேனாம். அதனால் ஒத்திகை முடியும்வரை அதன் பூட்டு அவர் வசம். நான் பதறாமல் இருந்தால்தான் திறப்பார். பெரிய ஞானி!

10:20
மாற்றுக் கணினி எழவில்லை. கருகல் வாடை. முதன்மைக் கணினியும் திரும்ப இயங்க மறுக்கிறது. வானொலியும், அதன் வழியே அவர் இயக்கும் பூட்டும், இந்தப் பதிவுக் கருவியும் மட்டும் தனி பேட்டரியில் ஓடுகின்றன. சொன்னேன்: "சார், இது ஒத்திகை இல்ல. நெசமாவே போச்சு. பூட்டத் திறங்க."

பதில்: "போன வாரமும் இதத்தானேம்மா சொன்னீங்க? உங்க கையில இருக்கறதப் பாருங்க. மத்தத விடுங்க."

போன வாரம் சொன்னேன்தான். அப்படிச் சொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்ததே இந்த மனுஷன்தான். ஒத்திகை தத்ரூபமாக இருக்க வேண்டுமாம்.

11:05
தலை பிளக்கிறது. ஸ்பானரால் பூட்டை அடித்தேன், அசையவில்லை. விண்வெளி உடையின் சிலிண்டர் காலி. அதை நிரப்புவதும் இந்த வால்வு வழியாகத்தான். கணினி அணைந்துவிட்டதால் அவர் திரையில் காற்றின் எந்த அளவும் தெரியாது. ஒத்திகையிலும் அது அப்படித்தான் வெறுமையாக இருக்கும்.

11:30
கெஞ்சினேன். வெட்கத்தை விட்டு அழுதேன்.

"அடடா, அழுகை பிரமாதம்! ஆனா மார்க் கொறையுதும்மா."

நாசமாய்ப் போக. அந்தக் கிரேக்கர்கள் தங்கள் மனதைத்தான் பழக்கினார்கள். அடுத்தவள் குரல்வளையை நெரித்து அவளுக்குப் பொறுமை கற்பிக்கவில்லை.

11:50
கத்தினால் திறக்கமாட்டான். மரியாதை போயிற்று, போகட்டும். பயமாக இருக்கிறது. சாக எனக்கு இஷ்டமில்லை. அமைதியாக இருந்தால் திறப்பான். என் கையில் மிச்சம் என் வாய் ஒன்றுதான். மூடிக்கொள்கிறேன். திறடா. திற

12:15, தானியங்கிப் பதிவு. உள்வந்த செய்தி:
"சபாஷ் செல்லக்கிளி! ஒரு சத்தமில்ல, ஒரு பொலம்பல் இல்ல. இதத்தாம்மா நான் இத்தன நாளா கேட்டேன். பூட்டத் திறக்கத்தான் போனேன்... ஆனா இவ்வளவு நல்லா வந்திருக்கே. இன்னுங்கொஞ்ச நேரம் பாத்துருவோம்."