தறியை நிறுத்தச் சொன்னவளுக்கு

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டில் பினாயில் ஊற்றித் தரை கழுவினார்கள். அந்த வாசம் ஆஸ்பத்திரி வாசம். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு இதை யாரிடம் சொல்வது?

அன்றைக்கு நான் நிறைமாதம். சேவூர் வீட்டில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நீ ராட்டையில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாய். மாம்பழக் கலர் புடவை, அரக்கு பார்டர். அந்தக் கலரை வைத்துத்தான் மாமனார் ஊரெல்லாம் பேர் வாங்கினார், அது வேறு கதை. ஓரகத்திகள் என்றால் முறைத்துக்கொள்வார்கள் என்பார்கள். நாமும் முறைத்துக்கொண்டவர்கள்தான். ஆனால் அன்று ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாய்.

“ஏன்டி, கொழந்த துள்ளிச்சா?”

“துள்ளிகினுதான்க்கா இருக்குது.”

“தறி அடிக்கறப்ப ஒடம்பே துள்ளும். நிறுத்திட்டுச் சொல்லு.”

நிறுத்தினேன். நீ சொன்னபடி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். என் வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாய். தெருவில் மற்ற தறிகளின் சத்தம் கேட்டது. உள்ளே ஒன்றுமில்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

மாமனார் வந்து எட்டிப் பார்த்தார். “இன்னும் ஒரு முழம்தாம்மா. பொடவைய அறுத்துக் குடுத்துட்டுப் படுத்துக்கட்டும். இன்னா பேஜாரு இது?”

அவர் எதிரில் நீ குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. “அந்த ஒரு முழத்தத்தான் மாமா நானும் நெய்ஞ்சேன். கொழந்ததான் ஆடுதுன்னு நெனச்சிகினு நெய்ஞ்சேன். ஆடினது தறி.”

உன் முதல் பிள்ளை செத்தே பிறந்தது எல்லோருக்கும் தெரியும். இது யாருக்கும் தெரியாது. மாமனார் ஜட்கா கூப்பிடப் போனார்.

ஜட்காவிலும் அதே தொல்லை. ரோடு குலுக்கிய குலுக்கலில் அசைவது எது என்று தெரியவில்லை. “நிறுத்துப்பா!” என்றாய்.

வண்டிக்காரர் திரும்பினார். “ஜல்தி ஓட்டுன்னதும் நீதாம்மா, நிறுத்துன்றதும் நீதாம்மா. குதிர எதத்தான் கேக்கும்?”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். வண்டி நின்றதும் கை வைத்துப் பார்த்தாய். என்னைப் பார்க்காமல் அவரிடம், “ஓட்டு” என்றாய். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தார். “துடிப்பு இருக்குது. ரொம்ப மெதுவா இருக்குது.” ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். குழந்தை அழவில்லையாம். துடைத்து, முதுகைத் தேய்த்து, காற்று கொடுத்த பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். கதவுக்கு வெளியே நின்று கேட்டவள் நீ.

நான் கண் விழித்தபோது என் மகளை மார்போடு அணைத்து வைத்திருந்தாய். கையை நீட்டினேன்.

“இரு, இன்னொரு வாட்டி அழட்டும், தரேன்” என்றாய்.

அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பயம்தான் போகவில்லை. நம் தெருவில் பிள்ளைத்தாய்ச்சி யார் தறியில் உட்கார்ந்திருந்தாலும் போய் நிற்கிறேன். எழுந்து வந்து படு என்கிறேன். “இந்தக்காவுக்கு வேற வேலையில்ல” என்று சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் படுக்கிறார்கள். படுத்தவள் வாயைத் திறந்து “துள்ளுது” என்று சொல்லும் வரைக்கும், அன்று உனக்கிருந்த முகம்தான் எனக்கும்.