கதவு திறக்காத சீன்

10.7.84 செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: கக்கூசில் உட்கார்ந்து, என் கதாநாயகி எப்படி அழுவாள் என்று அழுது பார்த்தேன். வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். “இன்னாய்யா, வவுத்துக்கு ஆவலியா?”

அழுகை வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் கதை சொல்ல வேண்டும். மல்லாட்டை எண்ணெய் மில் முதலாளி படம் எடுக்கப் போகிறார். ஆடி பிறந்துவிட்டால் கேட்க மாட்டாராம். கதை என்னுடையது. நோட்டில் எழுதுவது மச்சான் சண்முகம், வீட்டுக்காரியின் தம்பி, கிளியனூரில் தமிழ் வாத்தியார். நான் நாலாவதோடு நின்றவன். என் எழுத்து மறுநாள் எனக்கே புரியாது.

வாங்க: பல்பொடி, ரீஃபில், வேட்டிக்கு நீலம்.

11.7 புதன்

சண்டை.

முடிவு இதுதான். துபாய் போன புருஷன் ஏழு வருஷம் ஒரு கடுதாசி போடவில்லை. ஒருநாள் பெட்டியோடு வந்து நிற்கிறான். பெண்டாட்டி இலை போடுகிறாள். சோறு வைக்கிறாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு களை வெட்டக் கொல்லைக்குப் போய்விடுகிறாள். ஒரு வார்த்தை கிடையாது.

மச்சான் அவள் வாயில் நாலு பக்கம் வைத்திருக்கிறான். ‘வஞ்சிக்கப்பட்ட பெண்மையின் எரிமலை’ என்று தொடக்கம்.

“நாலு பக்கம் பேசறதுக்குள்ள சோறு ஆறிடும்டா” என்றேன்.

“பேசாம போனா ஊமைன்னு நெனப்பாங்க மாமா.”

“நீ எழுதனத பேசனா ஜனம் செவுடாயிடும்.”

“கேட்ல நிக்கிறவருக்கு எழுத்தப் பத்தி இன்னா தெரியும்?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்தேன். கழுத்தைப் பிடித்திருப்பேன், வீட்டுக்காரி காபியோடு வந்துவிட்டாள்.

தெரியும். திண்டிவனம் டாக்கீஸ் கேட்டில் இருபது வருஷம் டிக்கெட் கிழிக்கிறேன். திரையைப் பார்ப்பதில்லை, கதவைப் பார்க்கிறேன். வசனம் நீண்டால் கதவு திறக்கும். பீடிக்கு ஒருத்தன், ஒன்றுக்கு ஒருத்தன். திரையில் யாராவது வாயை மூடிக்கொண்டு ஒரு வேலை செய்தால் ஒருத்தன் எழுந்திருக்க மாட்டான். கதவு திறக்காத சீன்தான் சீன். இதை எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள்.

12.7 வியாழன்

மச்சான் வரவில்லை. ஆள் விட்டுச் சொன்னான்: நாளைக்கு அவனே படிப்பானாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினால் போதுமாம்.

வீட்டுக்காரி: “எந்தம்பி படிச்சவன். நீ வாய மூடிக்கினு இரு.”

கதாநாயகிக்கே வசனம் இல்லை, எனக்கெதற்கு. ஆனால் அந்த நாலு பக்கம் படமாகி வந்தால் என் கேட்டில்தான் ஓடும். எழுந்து போகிறவன் எல்லாம் என்னைத் தாண்டித்தான் போவான்.

வேட்டிக்கு நீலம் அதிகமாகிவிட்டது.

13.7 வெள்ளி

ஆறரை பஸ். பக்கத்துப் பக்கத்து சீட். அவரவர் டிக்கெட்டை அவரவர் எடுத்தோம்.

லாட்ஜ் ரூம். எட்டரைக்கு ஆரம்பித்தான். பாழாய்ப் போனவன், நன்றாகவே படித்தான். முதலாளி மூன்று தடவை எழுந்து போய் வெற்றிலை துப்பிவிட்டு வந்தார். எரிமலை தொடங்கியபோது பத்து இருபது. இரண்டாம் பக்கத்தில் முதலாளி கையைத் தூக்கினார்.

“பத்தரையாச்சு. ராகு காலம். முடிவ இதுல கேக்கக் கூடாது. பன்னெண்டுக்கு மேல படி.”

ஒன்றரை மணி நேரம். மூன்று பேரும் ஃபேனைப் பார்த்தோம். மச்சான் மீதிப் பக்கங்களை உதட்டுக்குள் படித்துப் படித்து, தொண்டை காய்ந்து, டீக்குக் கீழே போனான்.

பன்னிரண்டு. அவன் வரவில்லை.

“அந்தப் பொம்பள எப்பய்யா நிறுத்துவா?” என்றார் முதலாளி.

“எங்கதையில அவ ஆரம்பிக்கவே மாட்டாங்க.”

சொன்னேன். இலை, சோறு, களைக்கொத்து. அரை நிமிஷத்தில் முடிந்தது. அவர் வாயில் வெற்றிலை. துப்ப எழுந்திருக்கவில்லை.

“அப்புறம்?”

“அவ்ளோதாங்க.”

முழுங்கிவிட்டார். படத்தை இயக்கப் போகிற மெட்ராஸ் டைரக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். மச்சான் அப்போதுதான் வாசலில் வந்து நின்றான். கேட்கட்டும் என்று முதலாளி குரலை இறக்கவில்லை.

“முடிவு இந்தாளு சொல்றதுதான்னு எழுதியிருக்கேன். இதக் காட்டுனாத்தான் உள்ள உடுவாங்க. பத்திரம்.”

நீட்டினார். வாங்கிய கை, கேட்டில் டிக்கெட்டைக் கிழிக்கிற மாதிரியே குறுக்கே கிழித்து, ஒரு பாதியை அவரிடமே கொடுத்துவிட்டது. என்னிடம் மேல் பாதி. ‘அன்புள்ள டைரக்டர் அவர்களுக்கு, நலம், நலமறிய’ வரை இருக்கிறது.