ஒரு புள்ளி அதிகம்

தம்பிக்கு,

அப்பாவின் சங்கு மைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு நீ இந்த அரண்மனைக்கு ஓடி வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதை இப்போது பேசப்போவதில்லை.

எங்கள் அரசன் போரில் தோற்றான். கைதிகளோடு என்னையும் உங்கள் ஊருக்கு இழுத்து வந்தார்கள். எழுத்தன் என்று தெரிந்தால் விரல்களை ஒடிப்பார்கள் என்பதால், சோளம் விதைக்கிறவன் என்று சொன்னேன். மூன்று நாள் நம்பினார்கள்.

இன்று காலை ஒரு பழைய வர்ணக் குவளையில் கஞ்சி ஊற்றினார்கள். அதில் உன் கையெழுத்தில் ஆஹாவ் என்ற நாளுக்குக் கும்கு மாதம் ஒன்பது என்று, ஐந்துக்கு ஒரு கோடும் மேலே நான்கு புள்ளிகளுமாக எழுதியிருந்தது. ஆஹாவ் நாள் ஒன்பதில் விழவே விழாது, எட்டில் விழும். சிறுவயதில் நீ அப்பாவிடம் அடி வாங்கியதும் இதே தப்புக்குத்தான். என் நகம் தானாகப் போய் அந்த அதிகப்படியான புள்ளியைச் சுரண்டிவிட்டது.

காவலன் பார்த்துவிட்டான். "சோளம் வெதைக்கிறவனுக்குத் தேதி எதுக்குடா?" என்று சிரித்தான். "எழுத்தரய்யா, வெரலையெல்லாம் நல்லா நீவி வச்சுக்கோங்க. நாளைக்கு விடிஞ்சதும் வேலை இருக்கு."

தயவுசெய்து வா. எட்டு என்றுதான் எழுதினேன், இந்த மடையன் காய்ந்த கஞ்சியைச் சுரண்டினான் என்று சொல். நீ தப்பே செய்யாதவன் என்று எல்லார் முன்னாலும் சொல். நானும் தலையாட்டுகிறேன்.

படித்ததும் இந்தத் தாளை எரித்துவிடு. கரித்துண்டால் கிறுக்கியும் எழுத்து அழகாக வந்திருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத
உன் அண்ணன்