ஏரிக்கு அக்கரையில் கேட்ட மாப்பிள்ளையின் குரல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தை எழுதுவது. மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள், எழுத்து கோணலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்த நாளில் உங்கள் முகம் பார்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியார்க்காரி மாப்பிள்ளை எதிரே நிற்கக் கூடாது, பேசக் கூடாது என்று எங்கள் வழக்கம். இனிமேல் பேசலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யார் கேட்கப் போகிறார்கள்? வீட்டில் நான் மட்டும்தான். உங்களுக்குத் தெரியாமலே போன விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்கு ஆறவில்லை.

முதலில் ஊர்ச் சங்கதி. என் பெண் கன்னியம்மாவும் பேத்தியும் மெட்ராஸில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு வந்தார்கள், மறுநாளே போய்விட்டார்கள். கும்மிடிப்பூண்டி பஜாரில் உங்கள் ரேடியோ கடை இருந்த இடத்தில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறார்கள். நம் பழவேற்காட்டு ஏரியில் இந்த வருஷம் இறால் பரவாயில்லை. ஆனால் ஒருத்திக்கு எவ்வளவு குழம்பு வைப்பது?

உங்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு, மறைக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் உங்கள் அம்மா எங்கள் மீன் குழம்பைச் சேற்று வாடை என்றார். நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். ஏன் சும்மா இருந்தீர்கள்? இன்றைக்கு வரைக்கும் அதற்குப் பதில் வரவில்லை.

மனிதன் நிலாவில் கால் வைத்ததற்கு அடுத்த வருஷம் அது. மிலிட்டரியில் கழித்துப்போட்ட ரேடியோ வால்வு ஒன்றை மெட்ராஸ் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்தீர்கள். என் தகரத்தை வெட்டி, வாய் அகன்ற புனல் மாதிரி இரண்டு கொம்பு செய்தீர்கள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன், நீங்கள் வாசலில். நடுவில் கன்னியம்மா.

"கருவாடு காய வைக்கிற தகரத்த இன்னாத்துக்கு வெட்டினாருன்னு கேளுடி."

"இது மைக்ரோவேவ்னு அத்தைகிட்ட சொல்லு. சாதா ரேடியோ மாதிரி நாலாப் பக்கமும் போவாது. டார்ச் லைட்டு மாதிரி நேராப் போவும். நடுவுல ஆள் நின்னாலே மறைஞ்சிடும். அதான் ஏரி மேல வுட்டுப் பாக்கலாம்னு."

"ஏரி மேல வலை வுடலாம். தகரத்த யாரு வுடுவாங்கன்னு கேளு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கீது? நடுவுல நான் இன்னா தபால்காரியா?" என்று அவள் கத்தியது எனக்கு இப்போதும் கேட்கிறது.

அக்கரையில் உட்கார்ந்து கேட்பதற்கு உங்கள் மெட்ராஸ் சிநேகிதர் வருவதாக ஏற்பாடு. அவரும் உங்களைப் போல ரேடியோவில் பேசுவதற்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். படகு காத்திருந்தது, வெயில் ஏறியது, மனுஷன் வரவில்லை. கன்னியம்மாவுக்கு நிறை மாசம். "அத்தை போவாங்களான்னு கேளு" என்றீர்கள். "மாட்டேன்னு சொல்லு" என்றேன். பிறகு கதவிடுக்கில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். என் பெண்ணுக்குத் தாலி கட்டும்போதுகூட அந்த முகத்தில் அவ்வளவு ஆசை இல்லை. அதுவும் ஒரு கோபம்தான். இருந்தாலும் படகில் ஏறினேன்.

அக்கரை மணல்மேட்டில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் நீங்கள் சொல்லியனுப்பியபடி கொம்பை உங்கள் கரையைப் பார்த்து வைத்தேன். கொம்போடு நீங்கள் கொடுத்தனுப்பிய ரேடியோப் பெட்டிக்குக் கேட்க மட்டும் தெரியும், பேசத் தெரியாது. குரல் கேட்டால் முகம் பார்க்கிற கண்ணாடியை வெயிலில் காட்ட வேண்டும், அதுதான் அடையாளம். பெட்டியின் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன். சோறு கொதிக்கிற மாதிரி இரைச்சல். திடீரென்று உங்கள் குரல், காதுக்குள்ளேயே.

"அத்தை!"

பதறி எழுந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, உங்களுக்கு முதுகு காட்டி நின்றேன். குரல் அறுந்துபோயிற்று. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், கொம்பின் வாய்க்கு நேர் எதிரே நான்தான் நிற்கிறேன். நகர்ந்தேன். குரல் திரும்ப வந்தது.

"அத்தை, நான்தான். கேக்குதா? கேட்டா கண்ணாடி காட்டுங்க."

கண்ணாடியை எடுப்பதற்கு முன்னால் நான் வாய்விட்டுச் சொன்னேன் மாப்பிள்ளை. "கேக்குது மாப்பிள்ளே, நல்லா கேக்குது" என்று அந்த வெறும் தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன். அப்புறம்தான் கண்ணாடியைக் காட்டினேன். இக்கரையில் எறும்பு மாதிரி நீங்கள் குதித்தது தெரிந்தது. நீங்கள் கண்டது வெளிச்சத்தைத்தான். நான் சொன்னது உங்களுக்கு எட்டவேயில்லை.

திரும்பி வந்ததும், "அத்தை இன்னா சொன்னாங்க?" என்று கன்னியம்மாவைக் கேட்டீர்கள். "கேட்டுச்சாம்னு சொல்லு" என்று கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது பாதிதான், அந்தப் பக்கமும் பேசுகிற பெட்டி செய்ய வேண்டும் என்றீர்கள். வால்வு கிடைக்க வருஷக்கணக்காயிற்று. பெட்டி பாதியில் இருக்கும்போது மஞ்சள் காமாலை வந்தது.

போன மாசம் அந்தச் சிநேகிதர் வந்தார். உங்கள் படத்தைப் பார்த்து அழுதார். பிறகு மெதுவாக அந்தப் பாதிப் பெட்டியைக் கேட்டார். அவர் எனக்கு மாப்பிள்ளையா, கதவுக்குப் பின்னால் நிற்க?

"அன்னிக்கு வராத ஆளு, சாமானுக்கு மட்டும் வந்துட்டியா?"

"அன்னிக்கு பஸ்ஸ வுட்டுட்டேம்மா."

"அப்புறம் இத்தினி வருஷமா பஸ்ஸே வரலியா?"

தலையைக் குனிந்துகொண்டார். "அவரு ஆரம்பிச்சத முடிச்சு வைக்கணும்மா. எடுத்துக்கினு போயி முடிச்சுடறேன்" என்றார். விடிய விடிய யோசித்தேன். கொடுத்தால் உங்கள் கை பட்டது வீட்டை விட்டுப் போய்விடும். கொடுக்காவிட்டால் பாதியாகவே கிடக்கும். காலையில் சொன்னேன்: "பெட்டி இந்த ஊட்ட வுட்டுப் போவாது. வேணும்னா நீ இங்க வந்து முடி."

ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். சோறு போடுகிறேன், முகம் கொடுப்பதில்லை. அவர் பற்றவைக்கும்போது வருகிற ஈயப் புகை உங்கள் சட்டையில் இருந்த அதே வாசனை. அன்றைக்கு மட்டும் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

மாப்பிள்ளை, இனி கன்னியம்மாவை நடுவில் வைத்துப் பேச மாட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை இப்படி நேராகவே சொல்வேன். எனக்கு யார் மேலும் கோபம் லேசில் போகாது, உங்களுக்கே தெரியும். ஆனால் நீங்கள் பதில் சொல்லவில்லை என்று மட்டும் ஒருநாளும் கோபித்துக்கொள்ள மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பெண் கொடுத்த அத்தை