இடது காதும் மூன்று கிட்டார்களும்

ஜூன் 3, செவ்வாய்

மூன்று கிட்டார்களும் வந்துவிட்டன. வெள்ளை, சிவப்பு, பச்சை. எங்கள் கொச்சிக் கடைக்கு வழக்கமாக வருகிற ரகமே இல்லை. கடைக்காரர் அனீஷ் சேட்டன் கையைக் கழுவிவிட்டு வந்துதான் பெட்டிகளைத் திறந்தார். வாங்கப்போகிறவர் ராமபத்ரன் சார், கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வார சனிக்கிழமை வருகிறார். மூன்றையும் வாசித்துக் காட்டி எது உசத்தி என்று நான் சொல்ல வேண்டும். இந்தக் கடையில் என் வேலையே அதுதான். "நீ கேட்டுச் சொன்னா மதி, அது போதும், செல்வி. அவர் அதைத்தான் வாங்கும்" என்றார் சேட்டன், தன் மலையாளத் தமிழில்.

சாயங்காலம் மூன்றையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வாசித்தேன். சிவப்புக்குத் தடித்த குரல். பச்சை நடுவாந்திரம். வெள்ளைதான் மேல் ஸ்வரங்களில் மினுங்க வேண்டும், அந்த வகை பேர் வாங்கியதே அதற்குத்தான். மினுங்கவில்லை. ஆம்பின் மேல் யாரோ ஈரத்துண்டைப் போட்டு வைத்த மாதிரி இருந்தது.

ஜூன் 4

கேபிளை மாற்றினேன், கம்பிகளை மாற்றினேன், வேறு ஆம்பில் போட்டேன். துண்டு அப்படியே இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

ஒன்று செய்து பார்த்தேன். செய்திருக்கவே கூடாது. வெள்ளையை மாட்டிக்கொண்டு வலது காதை ஆம்ப் பக்கம் திருப்பினேன் — மினுங்கியது, அத்தனை அழகாக. இடது காதைத் திருப்பினேன். துண்டு.

அப்போ கிட்டாருக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான்.

கொச்சிக்கு வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஃபோர்ட் கொச்சி ஹோட்டலில் வாசிக்கிறேன். மேடை சின்னது. டிரம்ஸ் என் இடப்பக்கம், சிம்பல் தோளை இடிக்கும். அதனாலா? இன்றைக்கும் அங்கேதான் போய் நின்றேன். ஐயோ, இதை யார்ட்ட போய்ச் சொல்ல? காது கேக்காதவ சொல்லி யாரு கிட்டார் வாங்குவா?

ஜூன் 9, திங்கள்

சுள்ளிக்கல் கிளினிக்கில் காது பரிசோதனை. அழுக்கு எடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். தன் காய்கறிக் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்துவிட்டாள்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். கேட்கிறதோ இல்லையோ, பயத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். பரிசோதித்த பெண்ணின் பெயர் மாளவிகா. கதவைத் திறந்து, சத்தமே போடாதபோதும் அமுக்குகிறீர்கள் என்று மெதுவாகச் சொன்னாள். வெட்கமாகப் போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து.

வலது காது நன்றாக இருக்கிறது. இடதில் மேல் சத்தங்கள் போய்விட்டன. போனது திரும்பாது, இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

நான் கம்மலைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆட்டோவில் அம்மா சிரித்துக்கொண்டு சொன்னாள்: "ஒனக்குக் கேள்வி கொறவுன்னு சொல்லுதா அந்தப் புள்ள. ஆமாம்மா, சின்னதுலயிருந்தே இவ யார்ட்டயும் ஒண்ணும் கேக்க மாட்டான்னு நானும் சொன்னேன்."

மலையாளத்தில் கேள்வி என்றால் காது கேட்கிற சக்தி. அம்மாவுக்கு இன்னும் அவ்வளவு மலையாளம் வரவில்லை. நானும் சிரித்தேன். பிறகு தோப்பும்படியில் இறங்கும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 10

அம்மாவைத் திருத்தவில்லை. இருக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

நாளைக்கு வருகிறார். எடை, கழுத்தின் வாகு, ஒரு ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கிறது — இதெல்லாம் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியும். சிவப்பு தோளை அழுத்துகிறது, ஆனால் விட்ட ஸ்வரம் சாகவே மாட்டேன் என்கிறது. பச்சையின் கழுத்து என் கைக்கென்றே செய்தது போல. ஒற்றைக் காதை நம்பத் துணிவில்லை, அதனால் வெள்ளைக்கு மட்டும் நெட்டில் யார் யாரோ எழுதியதைப் படித்து மனப்பாடம் செய்திருக்கிறேன். "மழை நின்ற பிறகு தகரத்தில் விழும் சொட்டு மாதிரி." யாரோ கேட்டது. நாளை என் வாயில் வரப்போகிறது.

ஹோட்டலுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 14, சனி

எழுதிவிடுகிறேன்.

ராமபத்ரன் சார் வந்தார். மூன்றையும் வாசித்தேன். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். தலையாட்டினார். அந்த நேரத்தில் அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். சேட்டன் அவளுக்கும் சாயா வரவழைத்தார். எதற்கு வாசிக்கிறீர்கள், எங்கே வாசிப்பீர்கள் என்று இந்தப் பெண் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லையே என்று சார் சிரித்தார்.

அம்மா கிளாஸை ஊதிக்கொண்டே சொன்னாள்: "அவளுக்குக் கேள்வி கொறவுதான் சாரே. சுள்ளிக்கல்ல டாக்டரே சொல்லிட்டாவ."

இரண்டு பேர் காதிலும் அது மலையாளமாக விழுந்தது. சேட்டனின் முகம் மாறியது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

அம்மா தமிழில் சொல்கிறாள் என்று சிரித்துவிட்டால் போதும். பொய்கூட இல்லை, அம்மா சொன்னது அதைத்தான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது காதுல மேல் சத்தம் கேக்காது சார். வெள்ளையைப் பத்தி நான் சொன்னதெல்லாம் யாரோ எழுதினது" என்றேன்.

சார் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "முப்பது வருஷம் எஞ்சின் ரூம்ல. எனக்கு ரெண்டு காதும் போயி, மோளே." அவருக்கும் வெள்ளை மினுங்கவில்லையாம். நான் சொன்னதைக் கேட்டு, தனக்கு மட்டும்தான் கேட்கவில்லை போல என்று பயந்துபோயிருந்தாராம். உனக்குக் கேட்பதை வைத்துச் சொல் என்றார். சிவப்பு என்றேன். அவரே மடியில் வாங்கி ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு, அது அடங்கும்வரை கையை அதன் மேல் வைத்திருந்தார்.

சிவப்பை எடுத்துக்கொண்டார். சேட்டன் என் பக்கம் திரும்பாமலே பில் போட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். கேள்வி என்றால் இங்கே என்ன என்றும் சொன்னேன். மறு காது எப்படி என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள், குழம்புக்கு வேண்டியதைவிட அதிகமாக.

ஜூன் 16, திங்கள்

கடைக்குப் போகவே பயம். கணக்கை முடித்து அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். சேட்டனின் கோபம் காதைப் பற்றியது இல்லை: முதலிலேயே ஏன் சொல்லவில்லை, ஒருவன் ஆயுசுக்கு ஒன்று வாங்க வந்தால் பொய்யா சொல்வாய்? தலை குனிந்து நின்றேன். கடைசியில், வெள்ளையைப் பற்றி வருகிறவர்களிடம் இனி அவரே பேசுவதாகச் சொல்லிவிட்டு, வெள்ளையை என் இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனார். பச்சையை விட்டு வைத்திருக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

டிரம்ஸை இடம் மாற்ற முடியுமா என்று ஹோட்டலில் கேட்டேன். மேடையில் இடமில்லை என்றார்கள். இனி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து அழுதேன், கொஞ்சம்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவோடு மட்டாஞ்சேரி பஜாரில் நடந்தேன். ஓரமாகப் போகும்போது அவள் எப்போதும் சுவர் பக்கம்தான் நடப்பாள், வண்டியென்றால் அவளுக்கு அவ்வளவு பயம். இன்று என்னைச் சுற்றி வந்து வலப்பக்கம் சேர்ந்துகொண்டாள். ஆட்டோக்கள் உரசிக்கொண்டு போகிற பக்கம் அது. உள்ளே வாம்மா என்றேன். வரவில்லை. வெண்டைக்காய் விலை, பக்கத்துக் கடைக்காரியின் மருமகள் என்று ஜூ டவுன் தெரு வரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டது.